செல்லியின் கூடை: தங்கச்சிமடத்து உப்புக்காற்றில் இரண்டு ஆண்டுகள்

பூனையை வெளியே கொண்டுசெல்வதற்கென்று விற்கப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடை ஒன்றை 2024 சனவரியில் வாங்கினேன். முன்பக்கம் ஒரு கம்பிக்கதவு, மேற்பக்கம் ஒரு சிறு கதவு, இடுப்புப் பகுதியில் இரண்டாகப் பிரியும் உடல், உச்சியில் ஒரு கைப்பிடி என்னும் அமைப்புடைய அந்தக் கூடைக்கு, அனுப்பும் செலவோடு சேர்த்து 2,350 ரூபாய் கொடுத்தேன். வாங்குவதற்கு முன் நான் படித்த கருத்துகள் எல்லாம் பொருள் கைக்கு வந்த வாரத்திலேயே எழுதப்பட்டவையாக இருந்தன. இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில், கடலிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கும் ஒரு வீட்டில், தன் விருப்பத்தை எளிதில் விட்டுக்கொடுக்காத ஒரு பூனையோடு, இந்தக் கூடை எத்தனை மாதம் தாங்கும் என்பதற்கு அவற்றில் விடை இல்லை. அந்த விடையை எழுத எனக்கு இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. இதே அமைப்பில் பல பெயர்களில் கூடைகள் விற்பனைக்கு வருவதால், நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை; இங்கே சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் இந்த அமைப்புக்கே உரியவை.

செல்லியைப் பற்றிச் சொல்லாமல் கூடையைப் பற்றிச் சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டில், எங்கள் தெருக்கோடியில் குவித்து வைத்திருந்த பழைய வலைக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்த குட்டி அவள். வெள்ளை, கருப்பு, செவலை மூன்றும் திட்டுத்திட்டாகக் கலந்த உடம்பு. கருப்பும் செவலையும் சேர்ந்து அமைய இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் வேண்டும் என்பதால், இத்தகைய மூவண்ணப் பூனைகளில் ஏறக்குறைய எல்லாமே பெண்பூனைகள்தாம். தூக்கிப் பார்க்காமலேயே எங்கள் அப்பத்தா “பொட்டக்குட்டிதான்” என்று சொன்னதற்கு அந்த நிறமே காரணம். வந்த மூன்றாம் நாளிலிருந்தே வீட்டின் நேரங்களை அவள் வகுக்கத் தொடங்கிவிட்டாள். விடிகாலை நாலரை மணிக்கு என் கன்னத்தில் முன்னங்காலை வைப்பாள். நகம் வெளியே வந்திருக்காது, ஆனால் எழுந்திருக்கும் வரை அந்தக் கால் எடுபடாது. சாத்திய கதவு எதையும் அவள் ஏற்றுக்கொள்வதில்லை. சோற்றுக் கிண்ணத்துக்கு அருகில் வைத்த தண்ணீரைத் தொடமாட்டாள். அடுப்படியில் இருந்து நாலடி தள்ளி, குடத்தடியில் வைத்த மண்சட்டித் தண்ணீரைத்தான் குடிப்பாள். இவ்வளவு பிடிவாதத்துக்கும் நடுவில், வேலை முடிந்து வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது ஓடிவந்து நெற்றியால் என் கணுக்காலில் முட்டி, கன்னத்தை இரண்டு முறை இழுத்துத் தேய்த்த பிறகே என்னை உள்ளே விடுவாள். பூனையின் கன்னத்திலும் நெற்றியிலும் மணம் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. தனக்கு உரியது, தனக்குப் பழகியது என்று அது கருதும் பொருள்களில் அந்த மணத்தைப் பூசுகிறது. இந்த ஒரு செய்திதான் பின்னால் கூடையைப் பழக்குவதற்கு எனக்கு மிகவும் பயன்பட்டது.

கூடை வாங்கும் எண்ணம் முதலில் எனக்கு இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பூனையை எங்காவது கொண்டுபோக வேண்டுமென்றால் சாக்குப்பையில் போட்டு வாயைக் கட்டுவார்கள். கொஞ்சம் இரக்கம் உள்ளவர்கள் பனையோலைக் கடகத்தில் வைத்து, மேலே துண்டைப் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். முதல் தடுப்பூசிக்குச் செல்லியைக் கடகத்தில் வைத்துத்தான் கொண்டுபோனோம். குட்டியாக இருந்ததால் துண்டுக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். அறுவை சிகிச்சைக்காக இராமநாதபுரம் செல்ல வேண்டிய நேரம் வந்தபோது அவளுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. பெண்பூனை நான்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே கருத்தரிக்கும் நிலையை அடைந்துவிடும் என்பதால் அதற்கு மேல் தள்ளிப்போட நான் விரும்பவில்லை. ஆகவே 2023 டிசம்பரில், தோளில் மாட்டிக்கொள்ளும் துணிப்பை ஒன்றை வாங்கி, அதில் அவளை வைத்து ஜிப்பைப் பூட்டி, வாடகை ஆட்டோவில் ஏறினேன்.

பாம்பன் சாலைப்பாலத்தில் வாடைக்காற்று எப்படி வீசும் என்பது அதைக் கடந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள அந்தப் பாலத்தின் நடுப்பகுதி உயர்ந்து நிற்பதால், ஆட்டோவின் இரண்டு பக்கமும் காற்று ஊடுருவிப் போகும். பாலத்தின் ஏற்றத்தில் இருந்தபோது பையின் ஓரம் அசைந்தது. குனிந்து பார்த்தேன், ஜிப்பின் நுனியில் மூக்கை நுழைத்து, தலையால் அழுத்தி அழுத்தி, மூன்று விரல் அகலத்துக்கு அவள் திறந்துவிட்டிருந்தாள். நான் கையால் மூடுவதற்குள் தலையும் ஒரு தோளும் வெளியே வந்துவிட்டன. அவள் கண்மணி முழு வட்டமாக விரிந்திருந்தது, காதுகள் பின்னால் ஒட்டிக் கிடந்தன. நல்லவேளையாக, ஆட்டோ ஓட்டிவந்த அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, “அக்கா, விட்டுறாதீங்க, புடிச்சுக்குங்க” என்று சொல்லிக்கொண்டே இரண்டு பக்கத்துத் தார்ப்பாயையும் இறக்கிக் கட்டினார். என் முந்தானையை அவள்மேல் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினோம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறல். அதைவிட, பாலத்துக்குக் கீழே தெரிந்த நீரை நினைத்து அன்று இரவு முழுவதும் எனக்கு உறக்கம் வரவில்லை. துணிப்பைகள் எல்லாமே தவறானவை என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் ஜிப் நகராமல் மாட்டிவைக்கும் கொக்கி உண்டு. நான் வாங்கியதில் அது இல்லை, அதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

இந்தப் பின்னணியில்தான் கெட்டிக் கூடையைத் தேடினேன். நான் வாங்கியதன் உள்ளளவு 50 சென்டிமீட்டர் நீளம், 33 அகலம், 32 உயரம். வெறுங்கூடையின் எடை ஒன்றே முக்கால் கிலோ. பூனை உள்ளே நிற்கவும், ஒரு சுற்றுத் திரும்பவும், காலை மடக்கிப் படுக்கவும் இடம் வேண்டும். அதற்கு மேல் மிகவும் பெரிதாகவும் இருக்கக்கூடாது, ஏனென்றால் வண்டி வளையும்போது உள்ளே இங்குமங்கும் சறுக்கி மோதும். இப்போது நான்கு கிலோ எடையுள்ள செல்லிக்கு இந்த அளவு சரியாக இருக்கிறது. இதைவிடப் பெரிய கிடாப்பூனைகள் சில வீடுகளில் உள்ளன. அவற்றுக்கு இது போதாது.

கூடை வந்ததும் நான் செய்த ஒரே நல்ல காரியம், அதை அவளுக்கு முன்னால் பூட்டாததுதான். இரண்டாகப் பிரியும் அமைப்பின் அருமையை முதல் நாளிலேயே உணர்ந்தேன். பக்கவாட்டில் உள்ள நான்கு பிடிப்புகளையும் கழற்றி, மேல்பாதியையும் கதவையும் பரணில் வைத்துவிட்டேன். கீழ்ப்பாதி மட்டும், ஒரு சிறு தொட்டியைப் போல, அவள் வெயில் காயும் சன்னலடியில் கிடந்தது. நான் உடுத்திக் களைந்த பழைய பருத்திச் சேலைத் துண்டை, துவைக்காமல், அதில் விரித்தேன். புதுப் பிளாஸ்டிக்கின் வாடை அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது, மூன்றடி தொலைவில் நின்று கழுத்தை மட்டும் நீட்டி முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனதில் தெரிந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் நாள் வந்து விளிம்பைச் சுற்றி முகர்ந்தாள். நான்காம் நாள் பிற்பகல், விளிம்பின் வலது மூலையில் முதலில் வாயோரத்தை வைத்தாள். அப்படியே கன்னம், காதடி என்று இழுத்துக்கொண்டே போய், திரும்பி மறுபக்கக் கன்னத்தையும் தேய்த்தாள். பிறகு ஒரு காலை உள்ளே வைத்தாள். துணியை முன்னங்கால்களால் மாறிமாறி மிதித்தாள். தாயின் மடியில் பால் சுரக்கக் குட்டிகள் மிதிப்பது போன்ற அந்த மிதிப்பை அவள் என் மடியில் மட்டுமே செய்து பார்த்திருக்கிறேன். இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தாள். அன்றுதான் இந்தக் கூடை எங்கள் வீட்டுக்கு வந்தது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகும் அவசரப்படவில்லை. ஒரு வாரம் கழித்து மேல்பாதியைப் பொருத்தினேன், கதவு மாட்டவில்லை. மேலும் சில நாள் கழித்துக் கதவை மாட்டி, திறந்தே வைத்தேன். பிறகு அவள் உள்ளே இருக்கும்போது ஐந்து எண்ணும் வரை மூடித் திறந்தேன். பத்து, இருபது என்று கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு முறையும் திறக்கும்போது கையில் ஒரு துண்டு நெத்திலி இருந்தது. பூனையின் நாக்குக்கு இனிப்பு தெரியாது. அதற்கான சுவையுணர்வுப் பகுதி அவற்றுக்கு இல்லை. பிஸ்கட்டும் வெல்லமும் கொடுத்து நாயைப் பழக்குவதைப் போல இவளைப் பழக்க இயலாது, மீனும் இறைச்சியும்தான் வேண்டும். ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: எங்கள் கரையில் பூனைக்குப் பச்சை மீனை எறிவது வழக்கம், ஆனால் மத்தி, நெத்திலி போன்ற சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது தையாமினேஸ் என்னும் நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். தொடர்ந்து பச்சையாகவே தின்னும் பூனைக்கு நரம்புக் கோளாறு வரலாம். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே உப்பும் மிளகாயும் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டு, சுண்டுவிரல் நகமளவு பிய்த்துக் கொடுத்தேன். கருவாட்டை நான் கொடுப்பதில்லை, உப்பு மிகுதி.

முழுப் பழக்கத்துக்கும் ஐந்து வாரங்கள் ஆயின. ஐந்து வாரம் நீளமான காலம் என்று தோன்றலாம். ஆனால் பிடிவாதமுள்ள பூனையிடம் ஒரு நாளில் வலிந்து திணித்த கூடையை, அடுத்த முறை எடுத்ததுமே அது கட்டிலுக்கு அடியில் போய் மூலையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு பயணமும் ஒரு வேட்டையாக மாறிவிடும். இவள் தானாக உள்ளே நுழைவதை ஏற்றுக்கொண்ட பிறகு, கதவைச் சாத்துவது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இந்த இடத்தில் கூடையின் பாகங்கள் தனித்தனியாகக் கழன்று வருவதுதான் அதன் மிகப்பெரிய சிறப்பு என்று உறுதியாகச் சொல்வேன். ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்ட கூடையில் இப்படிப் படிப்படியாகப் பழக்க வழியில்லை.

பிப்ரவரி இறுதியில் அறுவை சிகிச்சைக்குச் சென்றபோது அதே சிறப்பு வேறு விதத்தில் கைகொடுத்தது. காத்திருக்கும் இடத்தில் இரண்டு நாய்கள் இருந்தன. கூடையைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் பூனையின் அச்சம் பாதி குறையும். மேசைக்குக் கொண்டுபோனதும், கதவு வழியாக அவளை இழுக்கப்போன என்னை மருத்துவர் அம்மா தடுத்தார். “மேல்மூடியை மட்டும் எடுத்துடுங்கம்மா. புள்ளை அடிப்பாகத்துலயே இருக்கட்டும், நான் அப்படியே பார்த்துக்கறேன்” என்றார். நான்கு பிடிப்புகளையும் கழற்றி மூடியைத் தூக்கினோம். தன் மணம் பூசிய துணிமேல், தனக்குப் பழகிய தொட்டிக்குள், செல்லி உடம்பை ஒடுக்கிக்கொண்டு படுத்திருந்தாள். துண்டின் ஒரு பாதியை அவள் தலைக்குமேல் போட்டபடியே மருத்துவர் நெஞ்சுத்துடிப்பைக் கேட்டார், வெப்பநிலை பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. முன்கதவு மட்டும் உள்ள கூடைகளில் இருந்து பூனைகளைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டுவதை அதே அறையில் பார்த்தேன். அந்தப் பூனைகளின் கத்தலைக் கேட்டவர்கள் மூடி கழலாத கூடையை வாங்கமாட்டார்கள்.

குறைகளுக்கு வருகிறேன், இவற்றைப் பற்றித்தான் கடலோரத்தில் இருப்பவர்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, முன்கதவின் கம்பி. விற்பனைக் குறிப்பில் அது துருப்பிடிக்காது என்று எழுதியிருந்தது. உண்மையில் அது சாதாரண இரும்புக்கம்பி, மேலே வெள்ளைப் பூச்சு. நாலாம் மாதமே, கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் பூச்சு உப்பி, தொட்டால் செதிலாக உதிர்ந்தது. ஏழாம் மாதத்தில் தாழ்ப்பாளின் உள்ளிருக்கும் சுருள்வில் இறுகி, அழுத்தினால் திரும்பி வர மறுத்தது. வெளியே புறப்பட்டு நிற்கும் நேரத்தில் தாழ் விழவில்லை என்பது எத்தகைய பதற்றம் என்பதை, அந்தத் துணிப்பை நிகழ்ச்சிக்குப் பிறகு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தீவில் உப்புக்காற்றுக்கு இரையாகாத இரும்பு இல்லை. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில்பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகளும் அரிப்பைத் தாங்கும் பாலிசிலோக்சேன் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தக் கரையில் பொருள் விற்க நினைப்பவர்கள் கம்பி எதில் செய்தது என்பதை உள்ளபடியே எழுத வேண்டும் என்பது என் வருத்தம் கலந்த கோரிக்கை. நிறுவனத்துக்கு இரண்டு முறை படங்களோடு எழுதினேன், மாற்றுக்கதவுக்குப் பணம் தருவதாகவும் சொன்னேன், பதில் வரவில்லை.

ஆகவே நாங்களே சரிசெய்தோம். விசைப்படகுகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடையில், துருப்பிடிக்கா எஃகில் செய்த மெல்லிய கம்பிவலையை வெட்டி வாங்கி, அதே அளவில் சட்டம் அடித்து, அதே எஃகில் செய்த போல்ட்டும் நட்டும் போட்டுக் கதவாக்கினார் பக்கத்து வீட்டுத் தம்பி. சுருள்வில் தாழுக்குப் பதிலாக இரண்டு கொக்கிகள். கூலி வாங்க மறுத்துவிட்டார். பொருளுக்கு மட்டும் 420 ரூபாய் ஆயிற்று. ஓராண்டுக்கு மேல் ஆகியும் அந்தக் கதவில் ஒரு பொட்டுத் துருகூட இல்லை. வலையின் வெட்டிய ஓரங்களை உள்பக்கம் மடித்து அடிக்க வேண்டும், இல்லையென்றால் பூனையின் மூக்கிலும் பாதத்திலும் குத்தும். இதை அந்தத் தம்பி நான் சொல்லாமலேயே செய்திருந்தார்.

இரண்டாவது குறை, பக்கவாட்டுப் பிடிப்புகள். சன்னலடி வெயிலில் கிடந்ததால் பிளாஸ்டிக் வெளிறி, நான்கில் ஒன்று பதினோராம் மாதத்தில் முறிந்தது. இது ஓரளவு என் தவறும்கூட, வெயிலில் வைத்திருக்கக்கூடாது. முறிந்த இடத்தில் வலை பொத்தும் நைலான் நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறோம். மற்ற மூன்றுக்கும் முன்னெச்சரிக்கையாக ஒரு கட்டுப் போட்டு வைத்திருக்கிறேன், பயணத்தின்போது மட்டும். மூன்றாவது, கைப்பிடி. எட்டுக் கிலோ தாங்கும் என்று குறிப்பில் இருக்கிறது. நான்கு கிலோப் பூனைக்கே அது நடுவில் வளைகிறது. கைப்பிடியை மட்டும் நம்பித் தூக்கவேண்டாம், மறுகையை அடியில் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள். அப்படித் தூக்கினால் கூடை ஆடாது என்பதால் பூனைக்கும் அதுவே நல்லது.

நான்காவது குறைக்கு வழி கண்டவர் அப்பத்தா. கூடையின் தரை வழவழப்பானது. துணி விரித்தாலும் வண்டி திரும்பும்போது துணியோடு சேர்ந்து அவள் சறுக்குவாள். நகத்தை ஊன்றப் பிடிமானம் இல்லை. கோடையில் அந்தப் பிளாஸ்டிக் சூடேறி, துணிக்கு அடியில் வியர்த்துக் கிடக்கும். அப்பத்தா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் குருத்தோலை வாங்கிவரச் சொல்லி, கிழித்து, வெயிலில் வாட்டி, கூடையின் தரையளவுக்கு ஒரு தடுக்கு முடைந்தார். சாதாரணத் தடுக்கைப் போல அல்லாமல் ஓலையை இரட்டையாக வைத்து, ஓரத்தில் மடித்துப் பின்னியிருந்தார். நாலு மூலையிலும் பனைநாரால் ஒரு காது விட்டு, அதைக் கூடையின் காற்றுத்துளைகளில் கட்டினோம். அன்று செல்லி அதை முகர்ந்தபோது பார்த்திருக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டவள், ஓலைக்கு நாலு நொடியும் எடுக்கவில்லை. நேராக ஏறி நின்று, முதுகை வளைத்து, நகங்களை ஊன்றி, சரக் சரக் என்று இழுத்தாள். பிறகு அதன்மேல் குப்புறக் கவிழ்ந்து, தாடையை ஓலையில் பதித்துக்கொண்டு, சுகத்தில் குர்குர் என்னத் தொடங்கினாள். “ஓலை மூச்சு விடும்த்தா, அதான் அதுக்குப் புடிக்குது” என்றார் அப்பத்தா. ஓலை வியர்வையை இழுக்கிறது, அடியில் காற்று போக இடம் விடுகிறது, நகத்துக்குப் பிடி கொடுக்கிறது. பயணத்தில் சறுக்குவது அன்றோடு நின்றது. நகம் போடுவதால் ஒரு தடுக்கு மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது. அதற்குள் அடுத்தது முடைந்து தயாராக இருக்கும்.

அப்படியானால் முழுக் கூடையையே பனையோலையில் செய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். செய்து பார்த்தோம். மூடியோடு கூடிய பெரிய ஓலைப்பெட்டி ஒன்றை அப்பத்தா முடைந்து கொடுத்தார். அழகும் குளிர்ச்சியும் அதில்தான். செல்லி அதில் உறங்கினாள், ஆறு வாரத்தில் ஒரு பக்கச் சுவரைப் பிரித்தும்விட்டாள். வீட்டில் படுக்க அதைவிட நல்லது இல்லை. பாலத்தைக் கடக்க அது உதவாது.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடையின் பக்கவாட்டுக் காற்றுத்துளைகள் எங்கள் ஊர்க் கோடைக்குப் போதாதவை. சித்திரை, வைகாசியில் பகல் பதினொரு மணிக்கு மேல் நான் அவளை வெளியே கொண்டுபோவதில்லை. பூனையின் இயல்பான உடல்வெப்பமே 38 முதல் 39 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் வரை இருக்கும். நாயைப் போல வாயைத் திறந்து இரைப்பது பூனைக்கு வழக்கமில்லை, அப்படி இரைத்தால் உடனே நிழலுக்கும் காற்றுக்கும் கொண்டுசென்று மருத்துவரை அழைக்க வேண்டும். விடியலில் புறப்பட்டால் இராமநாதபுரம் வரையிலான ஏறத்தாழ 45 கிலோமீட்டரை வெயில் ஏறுவதற்குள் கடந்துவிடலாம். புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன் உணவை நிறுத்தினால் வழியில் வாந்தி வருவதில்லை. காரில் என்றால், முன்னிருக்கைக்குப் பின்னால் தரையில், இரண்டு பக்கமும் சாயாதபடி வைப்பதே பாதுகாப்பு. ஆட்டோவில் என் மடியில் வைத்து, கயிற்றால் இருக்கைக் கம்பியோடு ஒரு கட்டுப் போட்டுக்கொள்கிறேன். இந்தக் கூடையோடு அந்தப் பாலத்தை இதுவரை ஒன்பது முறை கடந்திருக்கிறோம். முதல் பயணத்தில் பாம்பனிலிருந்து உச்சிப்புளி வரை கத்திக்கொண்டே வந்தாள். கடைசிப் பயணத்தில் மண்டபம் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன், உறங்கிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கூடைக்கு நான் கொடுத்த பணம் முழுதும் ஒரே நாளில் திரும்பி வந்தது என்று சொன்னால் அது 2024 நவம்பர் 20. அன்று இராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது; தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பிற்பகலில் தெருத்தண்ணீர் எங்கள் வாசற்படியைத் தாண்டி அடுப்படிக்குள் வந்தது. நாங்கள் அரிசிப்பானையையும் பத்திரங்களையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்த இரைச்சலிலும் ஓட்டத்திலும் செல்லியைத் தேடிப் பிடிப்பது எப்படி என்று நான் கலங்கிக்கொண்டிருக்க, கட்டில்மேல் தூக்கி வைத்திருந்த கூடைக்குள், ஓலைத்தடுக்கின்மேல், அவள் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைத் துரத்தவில்லை, கூப்பிடவும் இல்லை. கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்காலளவு நீரில் தெருவைக் கடந்து, அண்ணன் வீட்டு மாடிக்கு ஏறினேன். மேலே பிளாஸ்டிக் ஓடு இருந்ததால் மழை அவள்மேல் விழவில்லை. வால் நுனி மட்டும் நனைந்திருந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைச் சிறுமியாக இருந்து பார்த்தவர் எங்கள் அப்பத்தா. மாடியில் ஈரச்சேலையோடு உட்கார்ந்து, கூடையின் கம்பிவலை வழியாக ஒரு விரலை நுழைத்து, செல்லியின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். ஐப்பசி பிறந்ததும் கூடையைக் கட்டிலடியில் இருந்து எடுத்து எல்லாருக்கும் எட்டும் இடத்தில் வைப்பது இப்போது அவருடைய ஏற்பாடு.

மறுபடியும் இதையே வாங்குவேனா என்று கேட்டால், இந்த அமைப்பை வாங்குவேன், இந்தக் கதவோடு வாங்கமாட்டேன். மேல்பாதி முழுதும் கழல வேண்டும். மேலேயும் ஒரு கதவு இருந்தால் கைக்கு எளிது, இல்லாவிட்டாலும் குற்றமில்லை. கம்பிக்குப் பதிலாகக் கெட்டிப் பிளாஸ்டிக்கிலேயே கதவு செய்த கூடைகளும் உள்ளன. கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் அவற்றைப் பாருங்கள். கடையில் நேரில் வாங்குபவர்கள், பிடிப்புகளை நான்கைந்து முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். வாங்கிய அன்றே தளர்ந்திருந்தால் ஓராண்டு தாங்காது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையை அளந்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கூடையின் உள்நீளம் இருக்குமாறு தேர்ந்தெடுங்கள். குறிப்பில் இருப்பது வெளியளவா உள்ளளவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் வெளியளவைத்தான் எழுதுகிறார்கள்.

அடுத்த மாதம் செல்லிக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் மற்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போட வேண்டிய தவணை. தடுக்கு இந்த முறை ஓரத்தில் பிரிந்துவிட்டது; புதியதற்கு நேற்றுத்தான் குருத்தோலை வந்தது. ஓலையைத் திண்ணையில் வாட்டப் போட்டிருக்கிறார் அப்பத்தா, அதன்மேல் செல்லி படுத்திருப்பதால் மீதி வேலை அவள் எழுந்த பிறகுதான்.